மடை வரிசை

நீலாம்பாள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்துச் சாக்குகளில் எலி கடித்தவற்றைத் தனியே பிரித்து வைத்து, கோணி ஊசியில் சணலைக் கோத்து, கிழிசலின் இரண்டு ஓரங்களையும் மடித்துச் சேர்த்து இழுத்து இழுத்துத் தைத்தாள். கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நெல்லுக்கு அங்கேயே சாக்கு கொடுத்துவிடுவார்கள். இது வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்துவைக்கிற நெல்லுக்கு. வழக்கமாகக் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் தைப்பாள். இந்த முறை மகள் வேலை பார்க்கிற அறைக்குள் வந்து, அவள் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் மகளின் மடிக்கணினித் திரை தெரியும். அதில் ஓடுகிற எழுத்து நீலாம்பாளுக்குப் படிக்க வராது. ஆனாலும் ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொல்லையில வெயில் வந்துட்டாம்மா?" என்றாள் எழில்மொழி திரும்பாமலே.

"அங்க கண்ணு தெரியல. இங்க வெளிச்சமா இருக்கு."

அறையில் விளக்கே போட்டிருக்கவில்லை. எழில்மொழி எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மேற்கே அறுப்பு வண்டியின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நீலாம்பாள் ஊசியை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"வண்டி பஞ்சநதம் அய்யா வயல்ல நிக்கிது போலருக்கு."

"ம்."

"அவங்க சனிக்கிழமதான் பதிஞ்சாங்களாம்."

விசைப்பலகையில் எழில்மொழியின் விரல்கள் நின்றன. "யாரு சொன்னா?"

"சொன்னாங்க" என்று நீலாம்பாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எழில்மொழிக்கு முப்பத்தாறு வயது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, மணல்மேட்டு வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கும் வடகரைத்திடல்தான் பிறந்த ஊர். அப்பா நல்லக்கண்ணு பஞ்சநதம் குடும்பத்து வயலில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் ஒரு பங்காளி திருச்சிக்குக் குடிபோனபோது விற்ற கடைமடை நிலத்தில் ஒன்றரை ஏக்கரைச் சீட்டுப் பிடித்தும் நகை விற்றும் வாங்கினார். கடைமடை என்றால் தண்ணீர் வேண்டும்போது கடைசியாக வரும். வேண்டாதபோது கடைசியாகத்தான் வடியும். வாங்கும்போது அது அவருக்குத் தெரியாமல் இல்லை. விற்க முன்வந்தது அது ஒன்றுதான்.

எழில்மொழி அரசுப் பள்ளியில் படித்து, தஞ்சாவூரில் பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரடங்கின்போது ஒரு பையோடும் மடிக்கணினியோடும் வந்தவள் அப்பாவின் சாவுக்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. கணவன் இனியவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். விதைநெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, அவள் யார் யாருக்கோ நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அதற்குப் பெயர் பொட்டி தட்டுவது. அவள் என்ன தட்டுகிறாள் என்று ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. உழவர் கம்பெனிக்காக வண்டிப் பதிவு செய்கிற ஆப் ஒன்றை அவள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேட்டார்கள்.

கம்பெனி என்பது சுற்றுவட்டார விவசாயிகள் பங்கு போட்டு ஆரம்பித்தது. பஞ்சநதத்தின் மகன் பிரபு அதற்கு மேலாளர். கம்பெனிக்குச் சொந்தமாக அறுப்பு வண்டிகள் உண்டு. ஈர வயலில் இறங்குகிற பெல்ட் வண்டி ஒன்றும் அதில் சேர்த்தி. யார் வயலுக்கு வண்டி எப்போது போகும் என்பதுதான் சண்டை. வாய்க்கால் தொடங்குகிற பக்கம் வயல் இருக்கும் தலைமடைக்காரர்களுடையதை முடித்துவிட்டுத்தான் வண்டி கீழே இறங்கும் என்பது ஊரில் யாரும் எழுதிவைக்காத வழக்கம். தண்ணீர் அப்படித்தான் வருகிறது, உரம் அப்படித்தான் வருகிறது, வண்டியும் அப்படியே வந்தது. முதல் கூட்டத்தில் எழில்மொழி எழுந்து, முதலில் பதிந்தவருக்கு முதலில் வண்டி என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள். பஞ்சநதம் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதால் எல்லாரும் ஆட்டினார்கள். அன்று கடைமடைக்காரர்கள் டீக்கடையில் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார்கள்.

பதிவு திறந்த அன்றைக்கே எழில்மொழி அம்மாவின் வயலைப் பதிந்தாள். பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்யும் செவ்வந்திக்கும் அவளே பதிந்து கொடுத்தாள். அதற்கு அடுத்துப் பதிந்தவன் இன்னொரு கடைமடைக்காரன் காத்தான். இந்த வருஷம் போர்வெல் தண்ணீரை நம்பி எல்லாரும் ஒன்றாக நட்டிருந்ததால் மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் பயிர் பழுத்து நின்றது. புரட்டாசி மேகம் சாயங்காலமானால் தெற்கே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

இதற்கு நடுவில்தான் பக்கம் திறக்க நேரமாகிறது என்ற புகார் வந்தது. பக்கத்து ஊர்களும் சேர்ந்துவிட்டதால் பதிவுகள் பெருகியிருந்தன. வயலில் நின்று போனைப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரபு போன் செய்தான்.

"மேடம், உங்க ஆப்பு திறக்கறதுக்குள்ள நெல்லு முளைச்சிரும் போலருக்கு. வாய்க்கா பேரும் மடை நம்பரும் போட்டா சட்டுனு வரணும். முடியுமா?"

"முடியும் சார். ஒரு இண்டெக்ஸ் போட்டா சரியாயிடும்."

"என்னமோ போடுங்க. வந்தா சரி."

எழில்மொழி டேட்டாபேஸிடம் நேராகப் பேசுவதில்லை. நடுவில் மாடல் என்று ஒன்று உண்டு. பதிவு என்றால் அதற்கு ஒரு வாய்க்கால், ஒரு மடை எண், பதிந்த நேரம், அறுத்தாயிற்றா இல்லையா என்ற விவரம், இவையெல்லாம் உண்டு என்று பைத்தான் மொழியில் எழுதிவைத்தால் போதும். அதைப் பார்த்து டேட்டாபேஸில் அட்டவணை கட்டுவதும், கேட்டதை எடுத்துத் தருவதும் இடையில் இருக்கும் அந்த ஏற்பாட்டின் பொறுப்பு. மாடலின் அடியில், மெட்டா என்கிற பகுதியில், அவள் ஒரு இண்டெக்ஸ் சேர்த்தாள். முதலில் வாய்க்கால், அதற்குள் மடை. பிரபு கேட்ட அதே வரிசை. மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகிற மைக்ரேஷனை ஓட்டினாள். பக்கத்தைத் திறந்தாள். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. மணல்மேட்டு வாய்க்கால் பட்டியல் ஒன்றாம் மடை, இரண்டாம் மடை, மூன்றாம் மடை என்று ஒழுங்காக இறங்கியது. பார்க்க நேராக இருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அடுத்த போகத்துக்கு ஆப்பில் என்ன சேர்க்கலாம் என்று பேச பிரபு அவளை வீட்டுக்கு வரச் சொன்னான். கூடத்தில் உட்காரவைத்தார்கள். பிரபுவின் அம்மா மங்களாம்பிகை காபி கொண்டுவந்து கொடுத்தாள். நல்லக்கண்ணு அந்த வீட்டில் கொல்லைவாசலோடு நின்றவர். எழில்மொழி ஸ்கூட்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் காபி குடித்த செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நீலாம்பாள் அன்று கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த டம்ளர்ல குடுத்தாங்க?" எழில்மொழி சிரித்துக்கொண்டே, "அவங்க குடிக்கிற டம்ளர்லதாம்மா" என்றாள். நீலாம்பாள் சிரிக்கவில்லை. சும்மா கொடுப்பார்களா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

இப்போது சாக்கு தைத்துக்கொண்டிருக்கும்போதும் அதே முகம்.

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. செவ்வந்தி நேராக அறைக்குள் வந்தாள். கையில் போன்.

"என்னாக்கா, சாக்கு தச்சாவுதா? இப்ப எதுக்கு அவசரப்படுற? தீவாளிக்கு அப்புறம் தச்சா போதும். அதுக்குள்ள வண்டி வந்துரும்."

"வா செவ்வந்தி. உக்காரு."

"உக்கார வரல. எழிலு, இதப் பாரு." போனை எழில்மொழியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நீதான பதிஞ்சு குடுத்த? போன வாரம் எனக்கு முன்னால ஒரே ஒருத்தருன்னு காட்டுச்சு. நேத்து பாத்தா இருபத்தாறு பேரு. வரிசையில நிக்கிறவ முன்னால போவாளா, பின்னால போவாளா? நீ படிச்சவ, சொல்லு."

"புதுசா பதியிறவங்க பின்னாலதான் அத்த வருவாங்க. முன்னால வரமுடியாது."

"முடியாதுங்கற. வந்திருக்காங்களே."

"சர்வர்ல ஏதாவது..."

"யாருடி அது சர்வரு? அவரு எந்த மடை?"

நீலாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் பாக்கறேன் அத்த."

"பாரு. நல்லா பாரு." செவ்வந்தி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெள்ளிக்கிழம பிரபு வீட்டுக்குப் போயிருந்தியாமே. காபி நல்லா இருந்துச்சா?"

"வேலை விஷயமா போனேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். வேலை முடிஞ்சிட்டு போலருக்கு." நீலாம்பாள் பக்கம் திரும்பினாள். "நான் வரேங்க்கா. களத்துல சாணி தெளிச்சு வச்சிருக்கேன். நெல்லு வராட்டி என்ன, கோழியாவது நடக்கட்டும்."

அவள் போய்விட்டாள். எழில்மொழி அம்மாவைப் பார்த்தாள். என் மக அப்படிச் செய்யமாட்டா என்று நீலாம்பாள் செவ்வந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊசி சாக்குக்குள் போய் மறுபக்கம் வந்தது.

எழில்மொழி நிரலைத் திறந்து பட்டியலைக் கேட்கிற வரியைத் தேடிப் பிடித்தாள். இந்த வாய்க்கால், இன்னும் அறுக்காதவை, எடுத்துக் கொடு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எந்த வரிசையில் என்று அந்த வரி சொல்லவே இல்லை. இத்தனை நாள் டேட்டாபேஸ் முதலிலிருந்து கடைசிவரை படித்து எடுத்ததால், முதலில் பதிந்தவர் முதலில் வந்துகொண்டிருந்தார். அது தானாக நடந்தது, யாரும் சொல்லி நடந்ததில்லை. இப்போது இண்டெக்ஸ் இருக்கிறது. அதன் வழியாகப் போனால் சுலபம் என்று டேட்டாபேஸ் அதன் வழியாகப் போகிறது. அதில் எது முதலில் இருக்கிறதோ அது முதலில் வருகிறது. முதலில் பதிந்தவருக்கு முதலில் என்று அவள் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். உறுப்பினர்கள் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினாள். நிரலில் மட்டும் எழுதவில்லை.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

"என்னா?" என்றாள் நீலாம்பாள்.

"தப்பு நடந்துருக்கும்மா."

"யாரு பண்ணது?"

"யாரும் பண்ணல. நான்தான்." அவளுக்கே அந்தப் பதில் சரியாகப் படவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த விதை மூட்டைகளைக் காட்டினாள். "இந்த மூட்டையெல்லாம் வந்த வரிசையில அடுக்கியிருக்கோம்ல? ஒண்ணு வேணும்னா எல்லாத்தையும் பொரட்டணும். அதுக்கு பதிலா, எந்த ரகம் எங்க இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி செவுத்துல ஒட்டிட்டேன்னு வையி. மூட்டை எடத்தவிட்டு நகரல. சீட்டப் பாத்து எடுக்கறதால சட்டுனு கிடைக்குது. அவ்வளவுதான் நான் செஞ்சது. ஆனா எல்லாத்தையும் எடுத்துட்டு வான்னு சொன்னா, எடுக்கறவன் இப்ப அடுக்குன வரிசையில எடுக்காம சீட்டுல இருக்கற வரிசையில எடுக்கறான்."

நீலாம்பாள் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள், அங்கே நிஜமாகவே சீட்டு ஒட்டியிருப்பதுபோல.

"சீட்டுல மொதல்ல யாரு?"

"ஒண்ணாம் மடை."

"யாரு சொல்லி அப்படி எழுதுன?"

"பிரபு சார்தான் மடை நம்பர் போட்டா வரணும்னாரு."

"ஆங்" என்றாள் நீலாம்பாள். சாக்கைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டாள்.

எழில்மொழி போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"பிரபு சார்ட்ட பேசணும்."

"இங்கயே பேசேன். நான் என்ன குறுக்கப் பேசவா போறேன்? ஸ்பீக்கர்ல போடு."

எழில்மொழி உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம்."

"சார், வண்டி லிஸ்ட்டு மடை வரிசையில வருது. பதிஞ்ச வரிசையிலதான வரணும்?"

"ஆமா, பாத்தேன். ஞாயித்துக்கிழமையே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சார் சொல்லல?"

"நீங்க யோசிச்சுதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான இருக்கு? வண்டி மேலருந்து கீழ வந்தா டீசல் மிச்சம். அங்கயும் இங்கயும் அலைய வேண்டாம். டிரைவரும் ஒண்ணும் சொல்லலையே."

"நாம பேசுனது அது இல்லையே சார்."

அந்தப் பக்கம் வண்டி இரைச்சல் கேட்டது. அவன் வயலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பதிஞ்ச வரிசைன்னா இந்த வாய்க்காலுக்கு மொதல்ல யாரு வயலு?"

எழில்மொழி திரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். "எங்க அம்மாவோடது."

"அதான் கேட்டேன்" என்றான் பிரபு. மரியாதைக்குக் குறைவில்லாத குரல். "மாத்துங்க. அப்பா வயலு பாதியில நிக்கிது, அது முடியட்டும். அப்புறம் வண்டிய அனுப்பறேன். எல்லாம் உங்க கையிலதான இருக்கு."

போன் அணைந்தது. நீலாம்பாள் ஊசியில் சணலைக் கோத்தாள். அவள் சொல்லாமலே எழில்மொழிக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. இண்டெக்ஸ் என்றால் என்னவென்று பிரபுவுக்குத் தெரியாது; அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மடை என்றால் என்னவென்று தெரியும். வாய்க்கால் பெயரும் மடை நம்பரும் என்று அவன் கேட்டது தேடுவதற்கு வசதியாகத்தானா? மறுநாளே காபி கொடுத்தார்கள். அதற்கு மறுநாள் பஞ்சநதம் பதிந்தார். அதற்கு மறுநாள் பிரபு பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் ஒன்றுமில்லை. அவள் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே நிரலைத் திருத்தினாள்.

பதிந்த நேர வரிசையில் கொடு என்று கேட்கிற வரியிலேயே எழுதினாள். மாடலில் வாய்க்காலும் பதிந்த நேரமும் சேர்ந்த இன்னொரு இண்டெக்ஸ் போட்டாள். மடைக்கான பழையதை எடுக்கவில்லை. தேடுவதற்கு அது வேண்டும். ஓட்டியபிறகு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தாள். நீலாம்பாள், செவ்வந்தி, காத்தான். பஞ்சநதம் வெகு கீழே.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வண்டி ஓட்டுநர் தங்கமணி போன் செய்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அறுப்புக்கு மட்டும் இங்கே வந்து தங்குபவர்.

"அக்கா, லிஸ்ட்டு தலைகீழா மாறிக் கெடக்குதுங்க. கீழ எறங்கச் சொல்லுது. வானம் வேற கருக்குது. எறங்கட்டுங்களா?"

"மேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. பெரியவரு மூஞ்சிதான் சரியில்ல."

"எறங்குங்க."

பெல்ட் வண்டி வாய்க்கால் கரையில் இறங்கி வந்தபோது கடைமடையில் எல்லாரும் நின்றார்கள். நீலாம்பாள் தைத்த சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். செவ்வந்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னால ஒருத்தருன்னு வந்துட்டு" என்றாள், யாரையும் பார்க்காமல். "காலையிலதான் கேட்டேன். மத்தியானம் மாறிட்டு. கேட்டா மாறும்போலருக்கு. யாரு கேட்டா எந்தப் பக்கம் மாறும்னுதான் தெரியல."

காத்தான் சிரித்தான். "பொட்டி யாரு வீட்டுல இருக்கோ அவங்க பக்கம் மாறும். இல்லையாக்கா?"

எழில்மொழி வாயைத் திறப்பதற்குள் நீலாம்பாள் சாக்கை வரப்பில் இறக்கிவைத்துவிட்டு வண்டியின் குறுக்கே போய் நின்றாள்.

"தம்பி, அந்த வயல்ல எறக்கு. செவ்வந்தி வயல்ல."

"லிஸ்ட்டுல உங்க பேருதாங்கம்மா மொதல்ல இருக்குது."

"லிஸ்ட்டு கெடக்கு. நீ எறக்கு. அது முடிஞ்சா காத்தான் வயலு. அதுக்கப்புறம் அடுத்தவங்க. என்னுது கடைசியில ஆவட்டும்."

"அம்மா!" எழில்மொழி வரப்பில் ஓடிவந்தாள். "இது நம்ம முறைம்மா. மொத நாளே பதிஞ்சது. இதுல யாரு என்ன சொல்ல முடியும்? மானத்தப் பாரு, எப்படி இருக்கு."

நீலாம்பாள் குரலை உயர்த்தவில்லை. "யாரு பதிஞ்சா? நீ பதிஞ்ச. வரிசை சொன்னது யாரு? நீ. மாத்துனது யாரு? நீ. மறுபடி மாத்துனதும் நீ. இப்ப நம்ம வயலு மொதல்ல. கேக்கறவனுக்கு எப்படி இருக்கும்?"

"உண்மை அதுதானம்மா."

"இருக்கட்டும்" என்று நீலாம்பாள் தங்கமணிக்குக் கை காட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் யாரு தயவும் வேணாம்" என்றாள் செவ்வந்தி. ஆனால் வண்டி இறங்குவதற்காக வரப்போரத்து முள்ளை அவளே இழுத்துப் போட்டாள்.

வண்டி அவள் வயலை முடித்துக் காத்தான் வயலில் நுழைந்து ஒரு சுற்று வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. நீலாம்பாள் காலிச் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மழை அன்றைக்கு விடவில்லை, மறுநாளும் விடவில்லை. அவர்கள் வயலில் பயிர் முதலில் சாய்ந்தது, பிறகு படுத்தது. வெயில் வந்து, முறைப்படி எல்லாரையும் முடித்துவிட்டு, பெல்ட் வண்டி கடைசியாக அதில் இறங்கியபோது அடியில் கிடந்த கதிர்கள் முளைவிட்டிருந்தன. அறுத்ததைத் தார்ச்சாலையில் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தார்கள். பாதி தேறியது. செவ்வந்தியும் வந்து ஒரு பக்கம் கிளறினாள். நல்லா காயுது, இல்லையா என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அம்மாவுக்கு முதல் இடம் போடத்தான் எழில்மொழி பட்டியலை மாற்றினாள் என்று தலைமடையில் பேசிக்கொண்டார்கள். கடைமடையில் பேச்சு வேறு. பிரபுவுக்காக மாற்றிவிட்டு, செவ்வந்தி கேட்டதும் பயந்துபோய்த் திருப்பிவிட்டாள். நீலாம்பாளுக்கு அது தெரியும், தெரிந்ததால்தான் தன் வயலைக் கடைசியில் வைத்தாள் என்றார்கள். எழில்மொழி டீக்கடைக்காரரிலிருந்து தபால்காரர்வரை இண்டெக்ஸை விளக்கிப் பார்த்தாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். காத்தான் மட்டும் கேட்டு முடித்ததும் சொன்னான். "விடு தாயி. நாங்க படிக்காதவங்க, தப்புப் பண்ணுவோம். நீ படிச்சு சென்னை வரைக்கும் போய்ட்டு வந்தவ. தெரியாமலா செஞ்சிருப்ப?"

பிரபு அடுத்த போகத்து வேலை பற்றிப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அதற்கடுத்த வாரக் கடைசியில் நீலாம்பாள் அறைக்குள் வந்து சாக்குகளை மடித்தாள். தைத்ததில் பாதிக்கு வேலை வரவில்லை. ஒவ்வொன்றாக உதறி, தையல் மேலே வரும்படி நான்காக மடித்து அடுக்கினாள். எழில்மொழி வேறு யாருக்கோ நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா திரையைப் பார்ப்பதை அவள் முதுகு உணர்ந்தது.

"எழிலு."

"ம்."

"பிரபு ஞாயித்துக்கிழம பாத்தேன்னு சொன்னான்ல, அந்த லிஸ்ட்ட."

"ஆமா."

"நீ எப்ப பாத்த?"

"செவ்வந்தி அத்த வந்துட்டுப் போனாங்கல்ல, அப்பதான்."

நீலாம்பாள் இன்னொரு சாக்கை உதறினாள். தூசி பறந்தது.

"எந்த வேலைய முடிச்சாலும் சரியா வருதான்னு ஒரு தடவ பாத்துட்டுதான் மூடுவேன்னு சொல்லுவியே. அன்னிக்குப் பாக்கலையா?"

எழில்மொழி நாற்காலியைத் திருப்பினாள். "பாத்தேன்."

"என்னா இருந்துச்சு?"

ஒன்றாம் மடை, இரண்டாம் மடை, மூன்றாம் மடை. அன்று அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பட்டியலின் கடைசி வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. அதுவும் கண்ணில் பட்டதுதான். கடைமடைப் பெயர் கடைசியில் இருப்பதில் எதுவும் உறுத்தவில்லை. எழில்மொழி அம்மாவின் கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள்.

நீலாம்பாள் அந்தச் சாக்கை மடித்து முடிக்கும்வரை பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு அடுக்கிலிருந்த சாக்குகளை எடுத்துச் சணலால் கட்டினாள். கட்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நிலைப்படியில் இடிக்காதபடி ஒருக்களித்துத் திரும்பி, அறையைவிட்டு வெளியே போனாள்.